அம்மாவை அடக்கம் செய்தபின் நான் சொன்ன ஆமென்

ஆண்டவரை முழுதாய் நம்புகிற உங்களுக்கு, நெடுநாள் அரைகுறையாய் நம்பிக்கொண்டிருந்த ஒருவன் எழுதுகிறேன்.

ஆந்திரா பிரிந்துபோன மறு வருஷம், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. பகல் பன்னிரண்டரை மணிக்கு என் எட்டு வயது மகள் கிருபா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. காலையில் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவள் பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை. என் தாயார் இறந்து அன்றைக்குப் பதின்மூன்று நாள். குழந்தை காணாமல் போனதற்குக் காரணம் திருடனும் இல்லை, பிள்ளை பிடிக்கிறவனும் இல்லை. நான்தான்.

அதைச் சொல்ல வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எஸ்தரம்மாள் என்றால் செங்கற்பட்டில் பலருக்குத் தெரியும். மிஷன் பெண்கள் விடுதியில் வெகுகாலம் சமைத்தவர். அவருடைய ஊர் மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம், பக்கிங்காம் கால்வாயின் அக்கரையில் இருக்கும் ஒரு சின்னச் சேரி. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அப்பாவைக் காலரா கொண்டுபோனபோது எனக்கு வயது ஐந்து. அம்மா என்னை இழுத்துக்கொண்டு செங்கற்பட்டுக்கு நடந்தே வந்து, விடுதி அம்மையார் முன்னால் நின்று, "இவனுக்குப் படிப்பு குடுங்க, எனக்கு அடுப்பு குடுங்க" என்று கேட்டாராம். இரண்டும் கிடைத்தன. அந்தப் படிப்பின் பலனாக நான் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா ஆனேன். அவ்வளவு தூரம் நடந்ததற்கு இது போதுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அம்மாவுக்கு இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் ஜெபம் அம்மாவின் இலாகா. நான் நாலு புத்தகம் படித்தவன், ஜெபத்தைப் பற்றி அழகாகப் பேசுவேன், செய்கிறது அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆண்டவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் தகப்பனை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னா நைனா, மய இப்டி ஊத்துனா சனங்க எங்க போவும்? ஒனக்குத் தெரியாதது இல்ல, பாத்து செய்" என்று ஆரம்பித்தால், மருமகளின் இடுப்பு வலி, பக்கத்து வீட்டு ஆட்டின் கால், தம்மை ஏற்றிவந்த பஸ் டிரைவரின் கல்யாணம் ஆகாத தங்கை என்று எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

ஒருநாள் நான், "பிதாவேன்னு சொல்லேன்மா. கேக்கறவங்க சிரிக்கிறாங்க" என்றேன்.

"நான் யாருன்னு அவருக்குத் தெரியும்டா. நீ சோத்தப் பாரு" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் அம்மா தம் ஊருக்கே திரும்பிவிட்டார். மாதம் ஒரு தடவை ஓலைக்கூடையில் உயிர் நண்டோடு பஸ்ஸில் வருவார். ஒரு தடவை திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நண்டுகள் கூடையை விட்டு இறங்கிவிட்டன. பஸ்ஸை நிறுத்தி, பிரயாணிகள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார, அம்மா ஒவ்வொன்றாய்ப் பிடித்திருக்கிறார். கிருபாவுக்கு அந்தக் கதையை நூறு தடவை கேட்டாலும் போதாது. லீவு விட்டால் அவள் அம்மாவோடு போய்விடுவாள். கோடையில் கால்வாயில் தண்ணீர் வற்றியிருக்கும்போது, தோணிக்காரன் வரக் காத்திராமல், அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தே அக்கரை போய்விடுவாராம். அம்மாவுக்கு நான் மகன். கிருபா அதற்கு மேலே. என்னிடம் சொல்லாத சங்கதியெல்லாம் அவளிடம் போகும்.

ஐப்பசி பிறந்ததும் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே வாரம் கிருபாவுக்குச் சின்னம்மை போட்டது. அவளைச் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் என் மைத்துனி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா போய்விட்டார். புதன்கிழமை அடக்கம் செய்தோம். நான் அழவில்லை. பெட்டிக்கு ஆள் சொல்லுவது, ஊருக்கு ஆள் அனுப்புவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். பார்சல் அனுப்பிப் பழகியவனுக்கு அது கைவந்த வேலை என்று யாரோ பின்னால் சொன்னதும் காதில் விழுந்தது.

குழந்தைக்கு உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்றேன். அவள் ஆயாவை, என் அம்மாவைத்தான், கேட்டு அழுகிறாள் என்று மைத்துனி சொல்லி அனுப்பியபோது, "ஆயா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டேன். வேதாகமம் பரலோகத்தையும் நம் ஊர் என்கிறதே, அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். படிப்பு இதற்கெல்லாம் உதவும்.

சனிக்கிழமை கிருபா வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் தழும்பு. வந்ததும் ஆயாவின் டிரங்குப் பெட்டி மூலையில் இருப்பதைப் பார்த்தாள். "ஆயா பெட்டிய எடுத்துகினு போவலையா?" என்றாள். "பஸ்ஸில் கூட்டம்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போனோம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது சுகமில்லை என்றால் வீட்டார் ஒரு சீட்டில் எழுதி, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கொடுப்பார்கள். அவர் அதைப் பிரசங்க பீடத்திலிருக்கும் புத்தகத்தில் செருகி வைப்பார். போதகர் ஆராதனையில் அதைப் படித்து ஜெபிப்பார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நானும் என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அடக்கத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் அந்தச் சீட்டைத் தாண்டிப் படித்தார்; எடுத்துப் போடவில்லை. இந்த ஞாயிறு அவர் சென்னைக்குப் போயிருந்தார். வெளியூரிலிருந்து வயதான போதகர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. சீட்டுகளை எடுத்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், படித்தார்.

"மகாபலிபுரத்தைச் சேர்ந்த எஸ்தரம்மாள் சுகவீனமாயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பூரண சுகம் கிடைக்கவும், எழுந்து நடமாடவும் ஜெபிப்போம்."

அம்மாவைக் குழிக்குள் இறக்கியபோது கயிற்றைப் பிடித்தவர்கள் நாலு பேர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது எழுந்து சொல்லியிருக்கலாம். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, மனசைக் கொடுத்து, நீண்ட நேரம் ஜெபித்தார். முடித்ததும் சபை பழக்கத்தில் ஆமென் சொல்லிற்று. நானும் சொன்னேன். பக்கத்தில் கிருபா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி லில்லி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "இன்னிக்குச் சொல்லிடுங்க. அவ நெஜமாவே ஆயாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிகினு இருக்கா."

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

"நாளைக்கு இன்னா வந்துடப் போவுது?"

"தைரியம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை நண்பகலில் லில்லி பார்சல் ஆபீசுக்கு வந்து நின்றாள். அதுவரை அவள் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. குடையும் இல்லை, நனைந்திருந்தாள். "பாப்பா சாப்பிட வரல. போய்க் கேட்டா இஸ்கூலுக்கே வரலன்றாங்க. கூடப் படிக்கிற பொண்ணுகிட்ட, எங்க ஆயாவுக்கு மருந்து குடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வூட்ல அவ மருந்து பாட்டில காணோம்."

அம்மைக்குப் பின் கிருபாவுக்குத் தெம்பு வர ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மருந்து அது. பாட்டிலின் மேல் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.

லில்லியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே டிக்கெட் கொடுக்கிறவரிடம் அடையாளம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ரெட்ட ஜட, மூஞ்சில அம்மத் தழும்பு, கைல மருந்து பாட்டிலு. அதானே?" என்றார். "ஒம்போதர வண்டில மாவலிபுரம் போச்சி சார். ஒரு பொம்பள பக்கத்துல குந்திகினு இருந்திச்சி, அது கொயந்தன்னு நெனச்சேன். இன்னா சார், தனியாவா அனுப்சீங்க?"

"தனியாத்தான் போயிருக்கு."

"ஷோக்கா வளக்கறீங்க."

அடுத்த பஸ் ஒன்றேகாலுக்கு.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. மகாபலிபுரத்துக்கு ஒரு மைல் முன்னால் இறங்கிக் கால்வாய்க் கரையோடு நடக்கவேண்டும் என்று கிருபாவுக்குத் தெரியும். கோடையில் இறங்கி நடக்கிற இடமும் தெரியும். மழைக்காலத்தில் அந்த இடத்தில் ஆள் மூழ்கும் என்பதுதான் தெரியாது. அதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இது ஐப்பசி.

திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். மலைமேல் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் நனைந்துகொண்டே ஏறிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபம் செய்யப் பார்த்தேன். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின சர்வ வல்லவரே" என்று தொடங்கினேன். நடை நன்றாகத்தான் இருந்தது. மேலதிகாரிக்கு எழுதுகிற மனு மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். அம்மாவைப் போலப் பேசிப் பார்க்கலாமா என்றால் அந்தப் பேச்சு என் வாயில் நிற்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில் இரவல் சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில், எனக்கு இருந்த பேச்சிலேயே சொன்னேன். "குழந்தை உயிரோடு இருக்கவேண்டும். அவளிடம் சொல்லவேண்டியதை நான் சொல்லிவிடுகிறேன். சொல்லுகிற பலத்தையும் நீர்தான் தரவேண்டும். என்னிடம் இல்லை." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சத்தமாய்ச் சொல்லிவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

இறங்கிக் கரையோடு ஓடினேன். சேறு. செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. கால்வாய் கரைக்குச் சமமாய் ஓடிற்று, பழுப்பு நிறமாய், நுரையோடு. துறைக்கு வந்தபோது, கரையில் கிடந்த ஒரு பனங்கட்டையின்மேல் கிருபாவின் பள்ளிக்கூடப் பை இருந்தது. வாயை மடித்து, நனையாமல் இருக்கத் தாமரை இலை போட்டு மூடி வைத்திருந்தாள். குழந்தை இல்லை. பையிலிருந்து தண்ணீர் வரைக்கும் சேற்றில் சின்னக் காலடி. திரும்பி வந்த காலடி இல்லை.

நான் அலறினேன். என்ன பெயரைச் சொல்லி அலறினேன் என்பது நினைவில்லை.

எதிர்க்கரையில் தாழம்புதருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்தார். லுங்கி, தலையில் துண்டு. கையை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினார்.

"யாரு, எஸ்தராயா மொவனா? கொயந்த இங்க கீது. கத்தாத, பயந்துக்கப் போவுது."

நான் அந்தப் பனங்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். தோணிக்காரன் வந்து, "ஏறுறியா இல்லையா" என்று இரண்டு தடவை கேட்ட பிறகே எழுந்தேன்.

அந்த மனிதர் சதுரங்கப்பட்டினத்துக் காதர் பாய். சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய் விற்கிறவர். அம்மாவிடம் வருஷத்துக்கு இரண்டு புடவை விற்றவர். ஒவ்வொரு புடவைக்கும் ஒரு மணி நேரம் திட்டு வாங்கியவர். திங்கட்கிழமைகளில் அவர் போகிற தடம் வேறு. அன்று அந்தத் தடம் வெள்ளத்தில் முழுகியிருந்ததால் இப்படி வந்திருக்கிறார். தோணிக்காரனைக் கூப்பிடப் போனவர், ஒரு குழந்தை எதிர்க்கரையிலிருந்து மருந்து பாட்டிலை ஒரு கையால் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்.

"இடுப்பு வரிக்கும் வந்துடிச்சி தம்பி. நில்லுன்னு கத்துறேன், அது கேக்கல. சைக்கிள அப்டியே உட்டுட்டு குதிச்சேன். நான் கிட்ட போவ சொல்ல தலைல பாதிதான் தெரிஞ்சிது. கை மட்டும் மேலயே கீது, பாட்டிலோட."

அவர் மூட்டை, சைக்கிளோடு சரிந்து தண்ணீரில் விழுந்து கிடந்ததாம். ஒவ்வொரு துணியாய்ப் புதர்மேல் உலர்த்தி வைத்திருந்தார், தூறலில். "உங்க துணியெல்லாம் போச்சே பாய்" என்றேன்.

"சாயம் போற துணிதான். இப்பவே போய்டிச்சின்னா வாங்கறவங்களுக்கு சந்தேகம் இல்ல பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆயா மௌத்தான சேதி ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கொயந்தைக்குத் தெரியல. ஆயாவுக்கு எப்டி கீதுன்னு கேக்குது. எனக்கு வாய் வரல. உங்கப்பா வருவாரு, அவரு சொல்வாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வருவேன்னு எப்டித் தெரியும்னு கேக்காத. பெத்தவன் வராம எங்க போவான்."

கிருபா, என் அம்மா வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால், கூரை இறக்கத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். பாய் கொடுத்த கட்டம் போட்ட புதுத்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில் மடியில். ஊர்ப் பெண்கள் கூப்பிட்டும் யார் வீட்டுக்கும் அவள் போகவில்லை.

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆயா ஆஸ்பத்திரிலயா கீறாங்க?" என்றாள்.

"இல்ல பாப்பா."

"அப்ப?"

மரணத்துக்குத் தமிழில் எத்தனை வார்த்தை என்று எனக்குத் தெரியும். நித்திரையடைந்தார், காலமானார், மகிமைக்குள் பிரவேசித்தார் என்று அம்மாவின் அடக்க அறிவிப்பில் நானே மூன்றை எழுதியிருந்தேன். அவை எதையும் அந்த முகத்துக்கு முன்னால் எடுக்க முடியவில்லை.

"செத்துப்போயிட்டாங்க" என்றேன்.

"எப்போ?"

"நீ சித்தி வூட்ல அம்மையோட படுத்திருந்தப்ப."

அவள் யோசித்தாள். "நேத்து கோயில்ல நீங்க ஆமென் சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன்?"

"எல்லாரும் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன். தப்பு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னைப் பற்றி அவளுக்கு ஏதோ ஒன்று விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ஆயாவுக்கு வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன். கையைப் பிடிச்சிகினு இருந்தேன்."

"அழுதீங்களா?"

"இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த வார்த்தை முழுதாய் வெளியே வரவில்லை. பதின்மூன்று நாள் வராதது அப்போது வந்தது. நான் குழந்தைக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நேரத்தில் குழந்தை எழுந்துவந்து, தன் மேலிருந்த துணியின் ஓரத்தால் என் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். காதர் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே பிழிந்த ஒரு துணியை மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தார்.

நான் பிற்பாடு மணிக்கணக்குப் பார்த்தேன். பாய் குழந்தையைத் தூக்கியது பதினொரு மணிக்கு. நான் திருக்கழுக்குன்றத்தில் ஜெபித்தது இரண்டு மணிக்கு. நான் கேட்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கொடுத்தாயிற்று. எங்கள் ஆபீசில் மனு வருவதற்கு முன்னால் உத்தரவு போட்டால் விசாரணை வைப்பார்கள். ஆண்டவர் அப்படித்தான் செய்கிறார். தோணியில் திரும்பும்போது இதைப் பாயிடம் சொன்னேன். "அல்லா வயிய மாத்தி உட்டான்" என்றார். நான் கர்த்தர் என்றேன். தண்ணீர் அவ்வளவு வேகமாய் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரும் அதற்குமேல் வாதம் செய்யவில்லை.

நான் கேட்டதில் இரண்டாவது பாதி ஒன்று இருந்ததே, சொல்லுகிற பலம், அது மட்டும் கேட்ட பிறகே வந்தது. கதவுக்கு முன்னால் உட்காருகிற வரைக்கும் அது என்னிடம் இல்லை என்று சாட்சி சொல்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். லில்லி குழந்தையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தலையசைத்தேன்.

மறுநாள் காலை கிருபாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மண் இன்னும் அமுங்கவில்லை. மழையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. "தல எந்தப் பக்கம்?" என்றாள். காட்டினேன். அங்கே குனிந்து, வாயை மண்ணுக்குக் கிட்டே வைத்து ஏதோ சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருடைய சங்கதி.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. அம்மா போனதிலிருந்து நாங்கள் ஜெபிக்காமலே சாப்பிட்டு வந்திருக்கிறோம். சோறு சூடாகவே இருந்தது. நான் கண்ணை மூடினேன். இரண்டு வரி சொன்னேன், வாய்க்குள்ளேயே. சொல்லி முடிப்பதற்குள் கிருபாவின் குரல் வந்தது.

"அப்பா, எனக்கே கேக்கல."

மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன், கேட்கும்படி. காதர் பாயின் பெயரைச் சொன்னேன், துணி காயவேண்டும் என்றேன். தோணிக்காரனைச் சொன்னேன். அந்த வெளியூர்ப் போதகரையும் சொன்னேன். அவர்மேல் எனக்கிருந்த கோபம் சொல்லச் சொல்லக் குறைந்தது. இப்போது தினமும் சொல்கிறேன். நன்றாய் வருகிறது என்று சொல்லமாட்டேன். நடுவில் தடுமாறுவேன், யாரையாவது விட்டுவிடுவேன். கிருபா எடுத்துக்கொடுப்பாள். அம்மாவைப் போல ஜெபிக்க எனக்கு வராது. அம்மா இல்லாமல் ஜெபிக்க வந்திருக்கிறது. அதற்காகவும், உயிரோடு கிடைத்த என் மகளுக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் நாளைக்கு என்று தள்ளிவைத்த ஒரு வார்த்தை இருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை என்றால் ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான பேச்சு வேண்டியதில்லை. இருக்கிற பேச்சு போதும். இவ்வளவு தாமதமாய்க் கேட்டவனுக்கே கொடுத்தார். நீங்கள் நேரத்தோடு கேளுங்கள்.